எடுத்தால்தான் பிழைக்கும்!

2020 மே மாதம். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ப்ளூ ஆங்க்கர் என்ற கடலோரச் சிற்றூர். ஓர் அப்பாவும் அவருடைய 11 வயது மகளும் கரையோரம் புதைபடிவம் தேடிக்கொண்டு போனார்கள். பெரிய பெரிய எலும்புத் துண்டுகள் கிடைத்தன. இது ஏதோ பெரிய விஷயம் என்று பட்டதும், விவரம் தெரிந்தவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அதே இடத்தில் பின்னால் மேலும் துண்டுகள் கிடைத்தன. எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்தபோது ஒரு தாடை எலும்பு வந்தது. அதன் நீளம் மட்டுமே இரண்டு மீட்டருக்கு மேல்!

சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் நீந்திய ஊர்வன அது. இக்தியோடைட்டன் செவர்னென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். உடல் நீளம் 25 மீட்டர் இருந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். கிட்டத்தட்ட நீலத் திமிங்கலத்தின் அளவு. 2024 ஏப்ரலில் வெளியான ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அந்தச் சிறுமியின் பெயரும் அப்பாவின் பெயரும் இருக்கின்றன. 2021இல் வேல்ஸில் பேரி என்ற ஊர்ப் பக்கம் இதைவிடச் சின்னப் பிள்ளை ஒன்று சாதித்தது. அப்பாவோடு கடற்கரையில் நடந்த நான்கு வயதுக் குழந்தை, பாறையில் பதிந்திருந்த டைனோசர் காலடித்தடத்தைக் காட்டியது. சுமார் 22 கோடி ஆண்டுப் பழையது. இப்போது அது கார்டிஃப் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

விடுமுறை நாளில் உலாவப் போன குழந்தை கையை நீட்டிக் காட்டியதை மதித்து ஏற்றுக்கொள்ளும் துறைகள் அறிவியலில் அதிகம் கிடையாது. தொல்லுயிரியல் ஏற்றுக்கொள்கிறது. பெருந்தன்மையால் என்று நினைக்க வேண்டாம், வேறு வழியில்லை. கடலோரக் குன்று என்றைக்கு, எந்த இடத்தில் சரியும் என்று எந்தப் பேராசிரியரும் கரையில் குடிசை போட்டுக் காத்திருக்க முடியாது. சரிந்த மறுநாள் காலையில் அந்தப் பக்கம் நடப்பவர் கண்ணில்தான் அது படும்.

இதற்கென்றே குடும்பம் குடும்பமாகப் போகும் கரை ஒன்று இங்கிலாந்தின் தெற்கே இருக்கிறது. டெவனில் எக்ஸ்மவுத் அருகே தொடங்கி, டார்செட்டில் ஸ்டட்லாண்ட் வரை சுமார் 154 கிலோமீட்டர். பெயர் ஜுராசிக் கோஸ்ட். 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பாறை அடுக்குகள் கிழக்குப் பக்கம் சாய்ந்து கிடக்கின்றன. அதனால் மேற்குக் கோடியில் மிகப் பழைய பாறை, கிழக்கே நடக்க நடக்க இளைய பாறை என்று 18.5 கோடி ஆண்டுச் சரித்திரம் அந்தக் கரையில் வரிசையாகக் கிடக்கிறது. முழுவதையும் நடக்க வேண்டியதில்லை. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு லைம் ரீஜிஸ், சார்மத் என்ற இரண்டு ஊர்களும் அவற்றுக்கு இடையில் உள்ள மூன்று கிலோமீட்டர் சொச்சமுமே போதும்.

மகனோ மகளோ லண்டனில் வேலையில் இருக்க, ஆறு மாத விசாவில் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் இன்று நம் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். லண்டன் பிரிட்ஜ், மெழுகு பொம்மை, ஸ்டோன்ஹெஞ்ச் எல்லாம் முதல் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். அப்புறம் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் இடம் இது. வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறினால் இரண்டே முக்கால் மணி நேரத்தில் ஆக்ஸ்மின்ஸ்டர். அங்கிருந்து பேருந்து.

அழகான பீச் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். கால் வைக்கும் இடமெல்லாம் சாம்பல் நிறக் கூழாங்கல், நடு நடுவே கறுத்த சேறு. பின்னால் நிற்பது பிளாக் வென். ஐரோப்பாவின் பெரிய கடலோர மண்சரிவுகளில் ஒன்று. களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் மாறி மாறி அடுக்கிய குன்று அது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியதும் களிமண் குழைந்து வழுக்கும், மேலே இருப்பது மொத்தமாக இறங்கும். கீழே கடல் அதன் காலை அரித்துக்கொண்டே இருக்கும். மாரிக்காலம் முழுக்க இதே வேலை. ஊர்க்காரர்களுக்கு இது தலைவலி. 2008 மே மாதம் இரண்டு ஊர்களுக்கும் இடையில் 400 மீட்டர் நீளத்துக்குக் குன்று இறங்கியபோது, மேலே இருந்த பழைய குப்பைமேடும் சேர்ந்து கரைக்கு வந்தது. உடைந்த கண்ணாடியும் துருப்பிடித்த இரும்பும் அந்தப் பக்கம் இன்றைக்கும் காலில் தட்டுப்படும்.

ஆனால், இந்தச் சரிவுதான் புதைபடிவத்தை வெளியே கொண்டுவருகிறது. சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் வெதுவெதுப்பான கடல். அடியில் ஆக்சிஜன் குறைந்த சேறு. செத்து விழுந்த உடலைக் கொத்தித் தின்ன அங்கே அதிகம் ஆளில்லை. மூடிய சேறு கல்லாக இறுகி, பின்னால் நிலம் மேலே எழும்பி, இன்றைக்குக் குன்றாக நிற்கிறது.

எடுக்கலாமா?

‘தொடாதே’, ‘எடுக்காதே’ என்ற பலகைகளுக்குப் பழகிய நமக்கு இங்கேதான் ஆச்சரியம். கரையில் உதிர்ந்து கிடப்பதை எடுத்துக்கொண்டு போகலாம். அமெரிக்கத் தேசியப் பூங்கா ஒன்றில் இதையே செய்தால் குற்றம். டார்செட்டில் மட்டும் ஏன் இந்தத் தாராளம்? நேற்றுச் சேற்றிலிருந்து கழன்று விழுந்த ஓர் அம்மோனைட்டை, அதாவது கல்லாகிப்போன சுருள் ஓட்டை, கடல் சும்மா விட்டுவைப்பதில்லை. கூழாங்கற்களோடு உருட்டி, சில நாட்களில் மழுக்கி, கடைசியில் பொடியாக்கிவிடும். எடுக்காமல் விட்டால் இந்தக் கரையில் மிச்சம் ஒன்றும் இருக்காது. எடுப்பதுதான் பாதுகாப்பு.

அதற்காக இஷ்டத்துக்குத் தோண்ட முடியாது. குன்றின் முகத்தை அனுமதியில்லாமல் குடையக் கூடாது. அரிய பொருள், அறிவியலுக்கு முக்கியமான பொருள் கிடைத்தால் சார்மத்தில் உள்ள பாரம்பரியக் கரை மையத்தில் பதிவு செய்ய வேண்டும். லைம் ரீஜிஸிலிருந்து பர்ட்டன் பிராட்ஸ்டாக் வரைக்குமான விதிமுறை இது. பதிவு செய்தாலும் பொருள் எடுத்தவருக்குத்தான் சொந்தம். விற்பதென்றால் அருங்காட்சியகங்களிடம் முதலில் கேட்க வேண்டும்.

இதில் எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல முடியாது. இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல சரக்கு பணக்காரர் வீட்டு அலமாரிக்குப் போய்விடுகிறது என்று ஆய்வாளர்கள் வருத்தப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால், அலமாரியில் இருப்பதை என்றைக்காவது ஒருநாள் அருங்காட்சியகம் வாங்கிவிடலாம். கடல் கொண்டுபோனதை யாரிடம் போய் வாங்குவது?

சார்மத்துக்கு நான் போனது அக்கா குடும்பத்தோடு. அத்திம்பேர் புத்தம்புதுச் சுத்தியல் ஒன்றை வாங்கி வந்திருந்தார். குடும்பங்களை வழிநடத்திக் கூட்டிப்போகும் வழிகாட்டி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பைக்குள்ளேயே இருக்கட்டும் என்றார். நம்மைப்போல அன்றைக்கு வந்து அன்றைக்கே திரும்புகிறவர்களுக்குக் கண்ணும் முட்டியும் போதுமாம். நீளமாக நடக்கக் கூடாது. ஒரு துண்டு இடத்தைத் தேர்ந்தெடுத்து, முட்டி போட்டு உட்கார்ந்து, அங்கே இருக்கும் பொடிக்கல் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். இயற்கையாக உடைந்த கல்லில் ஒழுங்கு இருக்காது. சுருள், வரிவரியான மேடு, ஐந்து முனை நட்சத்திரம், இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கும் வடிவம் என்று ஏதாவது ஒழுங்கு கண்ணில் பட்டால் கையில் எடு என்றார்.

அவர் சொன்ன இன்னொரு சூட்சுமம் இது. அங்கே கிடைக்கும் சின்ன அம்மோனைட்டுகளில் பல, பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமமாக மாறியவை. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியா விடும் கந்தக வாயுவும் சேற்றில் உள்ள இரும்பும் சேர்ந்து, ஓட்டின் இடத்தில் பைரைட் உட்கார்ந்துவிடுகிறது. பைரைட் சாதாரணக் கல்லைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். அலை லேசானதைத் தூக்கிக்கொண்டு போகும், கனமானதை ஒரே இடத்தில் விட்டுவிடும். ஆகவே துருப்பிடித்த ஆணி, இரும்புத் துணுக்கு ஒதுங்கிக் கிடக்கும் திட்டைத் தேடு, பைரைட் அம்மோனைட்டும் அங்கேதான் ஒதுங்கியிருக்கும்!

அப்படி ஒரு திட்டில்தான் அக்கா பெண் உட்கார்ந்தாள். ஈரப் பொடிக்கல்லை விரலால் கிளறிக்கொண்டே இருந்தாள். கைவிரல்கள் சிவந்து போயின. கிளம்பலாம் என்று நாங்கள் பேச்சை எடுத்த நேரத்தில், “சித்தி, இங்க வாங்க! இது பித்தளையா?” என்று கூப்பிட்டாள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. கறுப்புக் கல் நடுவே பழுப்பேறிய பொன்னிறம். எச்சில் தொட்டுத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினால், உள்ளிருந்து வெளியே மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் சீராக எழுந்த விலா வரிகள். ஒரு பக்கம் லேசாக உடைந்து, உள்ளே அறை அறையாகத் தடுத்திருப்பதும் தெரிந்தது. உயிரோடு இருந்தபோது அந்த அறைகளில் வாயு நிரப்பித்தான் அது மிதந்தது. கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்து உறவு.

அத்திம்பேரின் அம்மா கிட்டே வந்து பார்த்தார்.

“பாட்டி, இது அம்மோனைட்.”

“அம்மோவும் இல்ல, நைட்டும் இல்ல. எங்காத்துக் கோயிலாழ்வார்ல சாளக்கிராமம் இருக்கே, அதுக்குள்ளேயும் இதே சக்கரம்தாண்டி. ஷூ போடற பைல வெக்காதே, என்கிட்ட குடு.”

பாட்டி சொன்னது சரிதான். நேபாளத்தில் முக்திநாத் பக்கம் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்களில் சக்கரமாகத் தெரிவது ஜுராசிக் காலத்து அம்மோனைட்டேதான். இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே இருந்த கடலில் வாழ்ந்தது. 108 திவ்ய தேசங்களில் ஒன்றாக வைணவர்கள் சேவிக்கும் திருச்சாளக்கிராமம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் வடகிழக்கே விட்பி என்ற ஊரில், பாம்புகளைக் கல்லாக்கிய ஹில்டா என்ற கிறிஸ்தவப் புனிதையின் கதையோடு இதே கல்லைச் சேர்த்துவிட்டார்கள். நம்பிக்கைக்காகச் சிலர் அதற்குப் பாம்புத் தலையும் செதுக்கி விற்றிருக்கிறார்கள்.

அன்றைக்கு மற்றவர்களுக்குக் கிடைத்தவை பெலெம்னைட்டுகள். தோட்டா வடிவில் இருக்கும், கணவாய் போன்ற ஒரு பிராணியின் உள் ஓடு. அவை அங்கே மலிவு. குழந்தைகள் பை நிறைய அள்ளுகிறார்கள். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் இக்தியோசார் என்ற கடல் ஊர்வனவின் முதுகெலும்புக் கணு கிடைக்கும். கேரம் காயைத் தடிமனாக்கி இரண்டு பக்கமும் நடுவில் குழித்தால் எப்படி இருக்கும், அப்படி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பது காப்ரோலைட்டைப் பார்த்துத்தான். பல கோடி ஆண்டுக்கு முந்தைய சாணக் கல்! இதை உடைத்துப் பார்த்தால் உள்ளே மீன் செதிலும் எலும்பும் இருப்பதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் இந்த ஊர்ப் பெண்மணி. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தச்சர் மகள்

மேரி ஆனிங் 1799இல் லைம் ரீஜிஸில் பிறந்தார். அப்பா ரிச்சர்ட் மரச்சாமான் செய்யும் தச்சர். நெப்போலியன் போரால் ஐரோப்பா போக முடியாத பணக்காரர்கள் உள்நாட்டுக் கடலோர ஊர்களுக்கு வந்து தங்கிய காலம் அது. அவர்களுக்கு விற்க ரிச்சர்ட் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போய்ச் சுருள் கற்களைப் பொறுக்குவார். இன்று பிக்னிக் கூடையோடு போகும் இந்த உலா அன்றைக்கு வயிற்றுப்பாடு. 1810இல் அவர் கடனோடு செத்துப்போனார். குடும்பம் ஊர்த் தர்மப் பணத்தில் பிழைத்தது.

1811இல் மேரியின் அண்ணன் ஜோசப் ஒரு மண்டையோட்டைக் கண்டார். முதலை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மீதி உடல் எங்கே என்று தேடி, அடுத்த ஆண்டு கண்டுபிடித்தவர் மேரி. அப்போது வயது 12, 13 இருக்கும். ஆள் வைத்து வெட்டியெடுத்த அந்த எலும்புக்கூடு உள்ளூர் நிலப்பிரபுவுக்கு 23 பவுண்டுக்கு விலைபோனது. விஞ்ஞானிகள் முதன்முதலாகச் சிரத்தையோடு ஆராய்ந்த இக்தியோசார் அது. 1823இல் மேரி ப்ளீசியோசார் என்ற இன்னொரு கடல் ஊர்வனவின் முழு எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். கழுத்து நம்ப முடியாத நீளம். பாரிஸில் இருந்த உடற்கூறு மேதை குவியர், இது ஒட்டுவேலையாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். 1824இல் லண்டன் புவியியல் சங்கத்தில் விவாதம் நடந்தது, எலும்பு உண்மையானதுதான் என்று ஆனது. அந்தக் கூட்டத்தில் மேரி இல்லை. எலும்புக்கூட்டை விவரித்த கனவான், அதைக் கண்டெடுத்தவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1919இல்.

மேரி பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். அறிவியல் கட்டுரைகளைக் கடன் வாங்கிக் கையால் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். கரைக்குப் போகும்போதெல்லாம் ட்ரே என்ற நாய் கூடவே போகும். 1833இல் மண் சரிந்து நாய் அவர் கண்ணெதிரே மாண்டது. அவர் மயிரிழையில் தப்பினார். 1847இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில்தான் இன்றைய லைம் அருங்காட்சியகம் நிற்கிறது. ஊரில் அவருக்குச் சிலை மட்டும் இல்லாமலே இருந்தது. ஏன் இல்லை என்று கேட்ட ஒரு பள்ளிச் சிறுமியும் அவள் அம்மாவும் பிரசாரம் செய்து, மக்களிடம் பணம் திரட்டி, 2022 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். கையில் சுத்தியல், காலடியில் ட்ரே.

நாய்க்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும். 2012 ஜூலையில் பர்ட்டன் பிராட்ஸ்டாக்கில் குன்று சரிந்து, விடுமுறைக்கு வந்திருந்த இளம்பெண் ஒருவர் இறந்தார். குன்றடியில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற குடும்பங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நிழல் இருக்கிறது, காற்றுக்கு மறைப்பு இருக்கிறது என்று அங்கேதான் ஒதுங்குகிறார்கள். தேட வேண்டிய இடம் தண்ணீர்ப் பக்கம். அங்கேதான் அலை கழுவி வைத்த பொருள் கிடைக்கும். இறங்கிக் கிடக்கும் சேற்றில் கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும்.

அடுத்த ஆபத்து, கடல் ஏற்றம். மெரினாவில் தண்ணீர் ஏறி இறங்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான், நாம் அதைக் கவனிப்பதே இல்லை. லைமில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி மூன்று, நான்கு மீட்டர்கூட ஏறும். இரண்டு ஊர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் முன்னால் கடல், பின்னால் குன்று. வற்றிக்கொண்டிருக்கும்போது இறங்க வேண்டும், திரும்பி ஏறத் தொடங்குமுன் கரையேறிவிட வேண்டும். நேர அட்டவணை ஊரில் எங்கும் கிடைக்கும்.

சார்மத் மையம் இயங்கும் கட்டடம் ஒரு காலத்தில் சிமென்ட் ஆலை. கரையில் கிடைத்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு அரைத்தார்கள். எத்தனை இக்தியோசார் அந்தச் சூளைக்குள் போயிற்றோ! இதைக் கேட்டதும் எனக்கு அரியலூர்தான் நினைவுக்கு வந்தது. கிரெட்டேசியஸ் காலத்தில் அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் கடலடியில் இருந்தது. இன்று அங்கிருந்து கடலுக்குச் சுமார் 80 கிலோமீட்டர். அங்கே காரை என்ற ஊரின் செம்மண் ஓடைகளில் அம்மோனைட்டும் பெலெம்னைட்டும் இருக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் படுத்திருக்கிறது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் நம் சிமென்ட் ஆலைகள் தோண்டிக்கொண்டிருக்கின்றன. டார்செட்டில் கடல் செய்யும் வேலையை இங்கே பொக்லைன் செய்கிறது. என்ன, அங்கே கடலுக்கு முன்னால் ஓடிப்போய்ப் பொறுக்குவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள், வழிகாட்டி வைத்திருக்கிறார்கள், கிடைத்ததைப் பதிய ஒரு மேஜை போட்டிருக்கிறார்கள். அரியலூர் பக்கம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் வந்திருப்பது நல்ல தொடக்கம். சுரங்க விளிம்பில் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறை, தகுந்த பாதுகாப்போடு இறக்கிவிட்டால் என்ன என்று ஆலைகளும் புவியியல் துறையும் சேர்ந்து யோசிக்கலாம்.

லண்டன் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கோடை வேண்டாம். வெயில் நன்றாக இருக்கும், ஆனால் கூட்டம் எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டிருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயலும் மழையும் புதிதாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். பிப்ரவரியில் பள்ளிகளுக்கு விடும் ஒரு வார விடுமுறை சரியான நேரம். மையத்தின் வழிகாட்டி நடைக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். தண்ணீர் புகாத ஷூ, குழந்தைகளுக்கு மாற்றுச் சாக்ஸ், கிடைத்ததைப் போட்டு வைக்கச் சின்ன டப்பா. லைமுக்கு மேற்கே மான்மத் பீச்சில், தட்டைப் பாறையோடு பாறையாக வண்டிச் சக்கர அளவு அம்மோனைட்டுகள் பதிந்திருக்கும். அவற்றைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம், பெயர்க்கக் கூடாது.

பைரைட் கிடைத்தால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்து, நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். ஈரம் பட்டால் கந்தக நெடி கிளம்பி, சில ஆண்டுகளில் சாம்பல் பொடியாக உதிர்ந்துவிடும். சென்னைக் காற்றில் இன்னும் சீக்கிரம். பாட்டி தான் வாங்கி வைத்த அந்த அம்மோனைட்டைப் பட்டுத்துணியில் சுற்றித்தான் வைப்பேன் என்கிறார். அதையும் டப்பாவுக்குள் வையுங்கள் என்று சொல்லியிருக்கிறோம். ஆக்ஸ்மின்ஸ்டருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது. பிள்ளைகளைக் கரையிலிருந்து கிளப்புவதற்கே தனியாக அரை மணி ஒதுக்க வேண்டும்.